பருத்தி இலையின் வாசல்கள்

இருக்கன்குடிப் பக்கம் கரிசலில் பருத்தி போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “செடிக்கும் நரம்பு உண்டு என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறதே, நிஜமா?” நிஜமில்லை. நம் நரம்பில் மின்துடிப்பை ஓட்டும் சோடியம் வாய்க்கால் (செல் சவ்வில் அயனியை விடும் புரத வாசல்) குடும்பம் தரைத் தாவரங்களில் கிடையாது. அந்த வீடியோக்கள் விட்டுவிடும் நிஜமான சொந்தம் ஒன்று இருக்கிறது: பொட்டாசியம் வாய்க்கால். சிவகாசிப் பட்டாசில் வெடியுப்பாகவும் வயலில் பொட்டாஷாகவும் வரும் அதே பொட்டாசியம்தான்.

ஜகதீச சந்திர போஸ் தொட்டாற்சிணுங்கியின் மின்துடிப்பை அளந்தது நூறாண்டுக்கு முந்தைய கதை. செடியின் பொட்டாசியம் வாய்க்காலுக்கான மரபணு சிக்கியது 1992இல். பொட்டாசியம் உறிஞ்ச முடியாத ஈஸ்ட்டுக்குள் அராபிடாப்சிஸ் என்ற கடுகினச் செடியின் மரபணுக்களைப் புகுத்தினார்கள். கேட்-1, ஏகேடி-1 என்ற இரண்டும் அதைப் பிழைக்க வைத்தன. ஈதர் மயக்கத்தில் கால் உதறும் பழ ஈயிடம் கண்டெடுத்த ‘ஷேக்கர்’ மரபணுவுக்கு இவை பங்காளிகள்.

வாய்க்கால் வேலை செய்யும் விதம்தான் அதிசயம். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனாலும் அதனால் நுழைய முடியாது. ஆடிக் கடைசி வெள்ளியன்று மாரியம்மன் கோயில் வாசலில் நாலு பக்கமும் நாலு காவலர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்தரும் தண்ணீர் மூட்டை சுமந்து வருகிறார். மூட்டையோடு போனால் வாசலில் இடிக்கும். பொட்டாசியம் வந்தால் நாலு காவலர் கையும் சரியாக எட்டித் தாங்கிக்கொள்ள, அது மூட்டையைப் போட்டுவிட்டு நுழைகிறது. ஒல்லிச் சோடியத்துக்கு அந்தக் கைகள் எட்டுவதில்லை. பிடிமானமில்லாமல் மூட்டையை எப்படி விடும்? வெளியிலேயே நின்றுவிடுகிறது. பக்தர் என்றது அயனியை, மூட்டை என்றது அதைச் சுற்றி ஒட்டிய நீர் மூலக்கூறுகளை, காவலர் கைகள் என்றது புரதத்தின் ஆக்ஸிஜன் அணுக்களை. அவற்றைத் தாங்கும் அமினோ அமில வரிசை பாக்டீரியா, ஈ, பருத்தி, மனிதர் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றே.

ஈயின் ஷேக்கர் பொட்டாசியத்தை வெளியேற்றும். இலைத்துளையின் காப்புச் செல்லில் இருக்கும் கேட்-1 உள்ளே விடும். செல் உப்பி, துளை திறக்கும். வறட்சியில் கோர்க் என்ற இன்னொரு பங்காளி பொட்டாசியத்தை வெளியேற்ற, துளை மூடிக்கொள்ளும். மின்னழுத்தத்தை உணரும் பகுதி ஈயிலும் கேட்-1இலும் ஒரே திசையில்தான் நகர்கிறது. அந்த நகர்வு கதவோடு இணையும் விதம் மட்டும் தலைகீழாகியிருக்கிறது.

இதை வைத்து ‘வறட்சியை வெல்லும் மரபணு’ என்று தலைப்புப் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். அராபிடாப்சிஸிலேயே இந்தக் குடும்பத்தில் ஒன்பது மரபணுக்கள். நம் பழைய கருங்கண்ணிப் பருத்தியிடம் 26 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்). இரு மரபுகள் கலந்து பிறந்த அமெரிக்க இனப் பருத்தியிடம் 52. அங்கே பங்காளிகள் இன்னும் அதிகம். ஒன்றைத் திருத்தினால் மற்றவை என்ன செய்யும் என்பதைக் கரிசல் வயலிலேயே வளர்த்துப் பார்த்தாக வேண்டும்.