பழைய குழுப் படங்களின் காலத்தை உடையைக் கொண்டு கணித்தல்

திருமண வீடு, பள்ளி ஆண்டு இறுதி, பணி ஓய்வு விழா, சங்கக் கூட்டம் எனப் பல நிகழ்வுகளில் பலர் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய ஒளிப்படங்கள் தமிழ்நாட்டு வீடுகளிலும் பள்ளிகளிலும் ஏராளமாக உள்ளன. அவற்றுள் பலவற்றில் ஆண்டு குறிக்கப்படவில்லை. படத்தில் இருப்போரின் உடை, தலைமுடி, அணிகலன் ஆகியவற்றைக் கொண்டு அது எடுக்கப்பட்ட காலத்தை ஏறத்தாழ வரையறுக்க முடியும்.

காலம் தவறினால் ஆளும் தவறும். ஒரு படத்தை 20 ஆண்டுகள் முன்னே தள்ளினால், நடுவில் அமர்ந்திருப்பவர் பாட்டியா, பாட்டியின் தாயா என்பதே மாறிவிடும். நூற்றாண்டு விழா மலரில் ஒருமுறை அச்சான தவறான ஆண்டு, அடுத்து வரும் மலர்களிலும் அப்படியே எடுத்தாளப்படும்.

அடிப்படை விதி

உடை ஓர் ஆண்டைச் சொல்வதில்லை. ஓர் எல்லையைச் சொல்கிறது. படத்தில் காண்பவற்றுள் மிகப் பிந்தி வழக்கத்துக்கு வந்தது எதுவோ, அதற்கு முன் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. பத்துப் பேர் தலைப்பாகையுடன் இருக்க, ஒருவர் மட்டும் காந்தி குல்லாய் அணிந்திருந்தால், கணக்கை அந்த ஒருவரிடமிருந்தே தொடங்க வேண்டும். இது முன் எல்லை.

பின் எல்லையை உடை இவ்வளவு உறுதியாகத் தராது. இளமையில் பழகிய உடையைப் பலர் இறுதிவரை விடுவதில்லை. ஒரு புதுப்பாணி படத்தில் இல்லை என்பதால், அது அப்போது தோன்றவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஊருக்கோ அந்த வீட்டுக்கோ அது வந்து சேராமல் இருந்திருக்கலாம்.

யாரை முதலில் பார்ப்பது?

குழுப் படத்தில் நாற்காலியில் இருக்கும் பெரியவர்கள்மீதே கண் முதலில் செல்லும். காலக்கணிப்புக்கு அவர்கள் அதிகம் உதவமாட்டார்கள். கைம்பெண்களின் வெள்ளைச் சேலை, முதியவர்களின் குடுமி, தென்மாவட்ட மூதாட்டிகளின் வளர்த்த காதும் பாம்படமும் தலைமுறையைக் காட்டுமே தவிர, ஆண்டைக் காட்டா.

20 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களை முதலில் பார்க்க வேண்டும். புதிய தையலையும் புதிய துணியையும் விரும்பி ஏற்பவர்கள் அவர்களே. ஜமக்காளத்தில் அமர்ந்திருக்கும் சிறுவர்களை நம்பும்போது கவனம் தேவை. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போடுவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம்.

தமிழ்நாட்டுப் படங்களில் உதவும் அடையாளங்கள்

தலை: முன்தலையை மழித்துப் பின்னால் முடிந்த குடுமி, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் படிப்படியாகக் கிராப்புக்கு இடம் கொடுத்தது. தந்தைக்குக் குடுமியும் மகனுக்குக் கிராப்பும் உள்ள படங்கள் இந்த மாற்றக் காலத்தைக் காட்டுகின்றன. காந்தி குல்லாய், 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தோடு நாடெங்கும் பரவியது.

ஆண்கள் உடை: பஞ்சகச்சம், கழுத்துவரை மூடிய நீண்ட கோட்டு, அங்கவஸ்திரம், தலைப்பாகை ஆகியவை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்களின் பழைய படங்களில் பொதுவானவை. இறுக்கமான குழாய்ப் பேண்ட் 1960களையும், பெல்பாட்டமும் நீண்ட கூரிய காலரும் 1970களையும் நினைவூட்டும். சிற்றூர்களில் பெல்பாட்டம் 1980களின் தொடக்கம்வரை நீடித்தது.

கட்சி, இயக்க உடை: இவை உறுதியான முன் எல்லை தருபவை. பெரியாரின் கருஞ்சட்டைப் படை 1945–46 காலத்தைச் சேர்ந்தது. தி.மு.க. தொடங்கப்பட்டது 1949இல். எனவே அக்கட்சியின் கறுப்பு, சிவப்புக் கரை வேட்டி தெரியும் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

மாணவர் உடை: தேசிய மாணவர் படை (என்.சி.சி.) 1948இல் உருவானது. அதற்கு முன்பும் கல்லூரிகளில் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை இருந்தது. ஆகவே காக்கி உடையை மட்டும் பார்க்காமல், தோளிலும் தொப்பியிலும் உள்ள எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படிக்க வேண்டும்.

பெண்கள் உடை: உயர்ந்த கழுத்தும், மணிக்கட்டுவரை நீண்ட கையும், சரிகைப் பின்னலும் கொண்ட ரவிக்கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் படங்களில் உண்டு. தோளில் உப்பிய பஃப் கை 1930, 1940களின் படங்களில் பரவலாகக் காணப்படும்; பின்னாளிலும் அது திரும்பி வந்தது. உடலோடு ஒட்டிய நைலான் சேலைகளைக் கண்டால் 1950களுக்குப் பின்னர் என்று தேடத் தொடங்கலாம். சுடிதார், நகரக் கல்லூரி மாணவியரிடம் 1980களிலும் பிற ஊர்களில் 1990களிலும் பரவியது.

ஏமாற்றும் இடங்கள்

நிறம்: பழைய ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவும் பதிவு செய்தன. அதனால் நீலத் துணி வெளுத்தும், சிவப்புத் துணி கறுத்தும் தெரியும். வெள்ளைச் சேலை என்று நினைத்து ஒருவரைக் கைம்பெண் எனக் குறித்தால், அவர் உடுத்தியிருந்தது வெளிர்நீலமாக இருந்திருக்கலாம். கறுப்பாகத் தெரியும் சட்டையெல்லாம் கருஞ்சட்டையும் அன்று.

இடவல மாற்றம்: படச்சுருளைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். ஆண்களின் சட்டைப் பை வலப்பக்கம் இருந்தாலோ, பூணூல் வலத்தோளில் கிடந்தாலோ ஐயப்பட வேண்டும். முந்தானையை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது. மடிசார் கட்டில் ஐயர் பெண்கள் வலத்தோளிலும் ஐயங்கார் பெண்கள் இடத்தோளிலும் முந்தானை இடுவது வழக்கம்.

இரவல் உடை: படம் எடுக்கும் நிலையங்களில் கோட்டும் கழுத்துப்பட்டையும் வாடிக்கையாளருக்காக வைத்திருப்பதுண்டு. அளவு பொருந்தாத கோட்டும், பல படங்களில் பலர்மீது காணப்படும் ஒரே கோட்டும் இதற்கு அறிகுறி.

வறுமையும் உரிமையும்: மேலாடையோ ரவிக்கையோ இல்லாத படம் என்றால் மிகப் பழையது என்று எண்ணுவது பெரும் பிழை. கிராமத்து மூதாட்டிகள் பலர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ரவிக்கை அணியாமலே வாழ்ந்தார்கள். அதே காலத்தில் வசதியான வீட்டுப் பெண் நாகரிக ரவிக்கை அணிந்திருப்பார். உடுத்துவது எல்லாருக்கும் விருப்பத்தைப் பொறுத்ததாகவும் இருக்கவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய திருவிதாங்கூரில், மேலாடை உரிமைக்காக நாடார் பெண்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1859இல் வந்த அரச அறிவிப்பும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடனே அனுமதி தந்தது. ஆகவே ஒரே ஆண்டில் எடுத்த இரு படங்கள், சாதியாலும் செல்வத்தாலும் ஐம்பது ஆண்டு இடைவெளி உள்ளவைபோலத் தோன்றக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பள்ளிப் படத்தைக் கற்பனை செய்வோம். தலைமையாசிரியர் தலைப்பாகையும் மூடிய கோட்டும் அணிந்துள்ளார். உதவியாசிரியர் இருவர் தலையில் காந்தி குல்லாய். ஆசிரியை ஒருவர் பஃப் கை ரவிக்கையுடன் இருக்கிறார். பின்வரிசை மாணவன் ஒருவன் தோளில் என்.சி.சி. எழுத்துகள் தெரிகின்றன.

தலைமையாசிரியரை மட்டும் பார்த்தால் 1915 என்று தோன்றும். குல்லாய் அதை 1920க்குப் பின்னும், ரவிக்கை 1930களுக்கும் நகர்த்துகிறது. மாணவனின் தோள்பட்டை எழுத்துகளோ 1948க்குப் பிந்தையது என உறுதி செய்கின்றன. பின் எல்லைக்கு உடையை விட்டுப் பள்ளிப் பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற ஆண்டு 1952 எனப் பதிவேடு சொன்னால், படம் 1948–1952 இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

முடிவைப் பதிவு செய்தல்

உடையால் பெற்ற கணிப்பைப் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். படம் ஒட்டிய அட்டையில் நிலையத்தின் பெயர், பின்புறக் கட்டடம், முன்வரிசையில் வைத்த பலகை எழுத்து, குழந்தைகளின் பிறந்த ஆண்டு ஆகியவை உதவும்.

முடிவை எழுதும்போது ‘1950’ என்று ஒற்றை எண்ணாக எழுதாமல், ‘1948–1952, சான்று: என்.சி.சி. உடை, பதிவேடு’ என்று காரணத்தோடு எழுதுவது நல்லது. காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் பின்னால் வருபவர் அதைச் சரிபார்க்கவும் திருத்தவும் முடியும். படத்தின் முகப்பில் எழுதக் கூடாது, பேனாவும் ஆகாது. பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம், அல்லது தனித் தாளில் எழுதிப் படத்துடன் வைக்கலாம். படத்தில் உள்ளவர்களின் பெயர் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் காட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்வது இவை அனைத்திலும் முந்திச் செய்ய வேண்டிய வேலை.