மனுசங்கடா (பாடல்)

மனுசங்கடா என்பது கவிஞர் இன்குலாப் எழுதி, நாட்டுப்புறவியல் ஆய்வாளரும் பாடகருமான கே. ஏ. குணசேகரன் பாடிப் பரப்பிய தமிழ்ப் பாடலாகும். தலித் இயக்க மேடைகளிலும் இடதுசாரி மேடைகளிலும் ஒருங்கே பாடப்பட்டு வரும் மிகச் சில பாடல்களுள் இதுவும் ஒன்று.

பெயர்

'மனிதர்கள்' என்பதன் பேச்சு வடிவத்துடன் 'அடா' என்னும் விளி சேர்ந்து அமைந்தது இத்தலைப்பு. பண்ணையார் வீட்டுச் சிறுவனும் வயது முதிர்ந்த கூலியாளை 'டா' போட்டு அழைத்த ஊர்களில், அதே விளி இங்கு எதிர்த்திசையில் திருப்பப்படுகிறது. செந்தமிழில் 'மனிதர்கள் நாங்கள்' என்று எழுதியிருந்தால் இந்தக் கூர்மை கிட்டியிருக்காது.

பின்னணி

1968 டிசம்பர் 25 அன்று இரவு, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தைத் தொடர்ந்து ஒரு குடிசையில் தஞ்சம் புகுந்திருந்த தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. செல்வந்தர்களான அவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என நம்ப இயலவில்லை என்பது அத்தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இப்படுகொலை எழுப்பிய சினமே இப்பாடலின் ஊற்று.

இன்குலாப்பின் இயற்பெயர் சாகுல் அமீது. கீழக்கரையில் 1944 இல் பிறந்த இவர் சென்னை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

இசையும் பரவலும்

குணசேகரன் (1955-2016) இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் மாரந்தையில் பிறந்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி ஆய்ந்ததோடு நில்லாமல், 'தன்னானே' கலைக்குழுவைக் கொண்டு அவற்றை மேடையேற்றினார். தம் இளமையில் சாதியால் பட்ட அவமதிப்புகளை 'வடு' (2005) என்னும் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

இன்குலாப்பின் வரிகளை அவர் நாட்டுப்புறப் பாங்கில், ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் திருப்பிப் பாடுவதற்கு ஏற்றவாறு பாடினார். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டதும் சேர்ந்து பாட இயன்றது. சாவு வீட்டுக்குரியதென ஒதுக்கப்பட்ட பறை, இத்தகைய பாடல்களின் வழியே அரசியல் மேடையின் இசைக்கருவியாயிற்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

பாடல் பரவியதில் ஒலிநாடாவுக்குப் பெரும் பங்குண்டு. இசைத்தட்டு அச்சிடப் பெருநிறுவனம் வேண்டும்; வானொலியில் ஒலிக்க நிலையத்தாரின் இசைவு வேண்டும். 1980களில் மலிந்த ஒலிநாடாவுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. ஒன்றை வாங்கியவர் பல படிகள் எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்க முடிந்தது. ஆகையால் இத்தகைய பாடல்கள் எத்தனை படிகள் பரவின என்று எந்த விற்பனைக் கணக்கைக் கொண்டும் அறிய இயலாது.

பிற்காலம்

இறந்தவரின் உடலைப் பொதுவழியே எடுத்துச் செல்ல மறுக்கப்படும் தலித் குடும்பத்தின் கதையைக் கூறும் அம்சன் குமாரின் திரைப்படம் (2017) இப்பாடலின் பெயரையே தாங்கியுள்ளது. பாடகரும் கவிஞரும் 2016 ஆம் ஆண்டிலேயே காலமாயினர். அடுத்த ஆண்டு 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்காக இன்குலாப்புக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதமி விருதை அவர் குடும்பத்தினர் ஏற்க மறுத்துவிட்டனர்.