பிந்தாத ஈதர்நெட்

செய்தித்தாள் அச்சு இயந்திரத்தில் காகிதம் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வண்ண உருளைக்கும் தனி மோட்டார். மெஜந்தா உருளை ஒரு மில்லி நொடி பிந்தினால் மை ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழும். நடிகையின் உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விடும். இந்த மோட்டார்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பி வேகமாக இருந்தால் மட்டும் போதாது, நேரம் தவறக் கூடாது.

அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தபோது அப்படி எந்த வாக்கும் தரவில்லை. ஒரே கம்பியில் இருவர் பேசித் தகவல்கள் மோதினால், இருவரும் ஏதோ சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். பின்னாளில் வந்த ஸ்விட்சுகள் மோதலை ஒழித்தன, வரிசையை ஒழிக்கவில்லை. 100 மெகாபிட் கம்பியில் பெரிய தகவல் பொட்டலம் ஒன்று முன்னால் நின்றால் சுமார் 120 மைக்ரோ நொடி காத்திருக்க வேண்டும். கோப்பு அனுப்புகிறவருக்கு அது தெரியவே தெரியாது. மோட்டாருக்குத் தெரியும்.

ஆனாலும் ஈதர்நெட் மலிவு, எங்கும் கிடைப்பது. அதைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த ஈதர்கேட் முறை இந்தக் காத்திருப்புக்கு நல்ல வழி கண்டது. தீபாராதனை முடிந்து விபூதித் தட்டு வரிசையில் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள்: காசு விழும், விபூதி குறையும், தட்டு நிற்காது. இங்கே கட்டுப்பாட்டுக் கணினி அனுப்பும் ஒரே பொட்டலம் எல்லாக் கருவிகள் வழியாகவும் ஓடுகிறது. ஒவ்வொரு கருவியிலும் உள்ள சிப், பொட்டலம் கடந்துபோகும்போதே தனக்கான கட்டளையைப் படித்து, தன் அளவீட்டை அதில் எழுதிவிடும். கடைசிக் கருவி அதைத் திருப்பி அனுப்பும். படித்து எழுதியவர்கள் பொட்டலத்திலுள்ள ஓர் எண்ணையும் கூட்டிவிடுவதால், திரும்பி வந்த எண் குறைந்தால் யாரோ விடுபட்டது உடனே தெரியும். விட்டதைத் திரும்ப அனுப்பும் வழக்கமில்லை. அடுத்த சுற்றில் புதிய கட்டளை வந்துவிடும், பழையதை வைத்து மோட்டார் என்ன செய்யும்?

எனக்கு இதைவிடப் பிடித்தது கடிகார ஏற்பாடு. பொட்டலம் போகும்போதும் வரும்போதும் கருவிகள் நேரம் குறித்துக்கொள்கின்றன. அதிலிருந்து கம்பியில் ஏற்படும் தாமதத்தைக் கணக்கிட்டு, எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஒத்துப்போக வைக்கிறார்கள். ஆகவே கட்டளை சற்று முன்பின் வந்தாலும், குறித்த கணத்தில் எல்லா மோட்டார்களும் சேர்ந்தே அதை நிறைவேற்றும்.

கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சாதாரண ஈதர்நெட் செருகுவாய் போதும். ஆனால் கருவிகளுக்கு அந்தத் தனிச் சிப் வேண்டும். கம்பி ஒன்றுதானே என்று அலுவலகப் பிரிண்டரை நடுவில் செருக முடியாது. கணினியின் இயங்குதளமும் நேரம் தவறாததாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தனி ஒட்டு நிரலாகவே இருந்துவந்த லினக்ஸ் இயங்குதளத்தின் நிகழ்நேர வசதி, 2024இல்தான் அதன் மூல நிரலில் முழுமையாகச் சேர்ந்தது.