ஐப்பசி வருமுன் கூரையைப் பாருங்கள்

வழக்கமாக உரம், விதைநேர்த்தி, பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு வீட்டுக் கூரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "விவசாய அதிகாரிக்குக் கூரையில் என்ன வேலை?" என்று உங்களுக்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். சம்பா அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள்தான். நெல் தாளுக்குள் உளுந்து தெளிக்கிற நேரம். ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆடுதுறை 3 உளுந்து விதையைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தார். இறக்கிப் பார்த்தால் சாக்கின் ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது. உள்ளே விதை பூசணம் பிடித்து, கையில் எடுத்தால் மாவாக உதிர்கிறது. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை. "சொட்டு சொட்டாத்தானே விழுந்துது சார், பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். வெளியில் விதை தேடி வாங்கி வருவதற்குள் வயலில் ஈரம் போய்விட்டது. அந்த வருஷம் அவருக்கு உளுந்து இல்லை. ஒரு விரல் ஓட்டை ஒரு போகத்தையே விழுங்கிவிட்டது.

நம் தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில், அதாவது ஐப்பசி பிறந்தவுடன். ஆகவே கூரை வேலைக்கு நமக்கு உள்ள மாதம் புரட்டாசி. அந்த மாதத்தில் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் மழை வரும். காலை வெயிலில் வேலையை முடித்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் மேய்கிற ஆளும் கிடைக்காது, கீற்று விலையும் ஏறிவிடும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்

நல்ல உச்சி வெயிலில் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை சற்று நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் ஊசி முனை போல வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் தண்ணீர் வரும். அந்த இடத்துக்கு நேரே கைமரத்தில் சுண்ணாம்பு தொட்டு அடையாளம் வையுங்கள்.

ஓட்டு வீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் நுழைகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு. மேலே நுழைந்த தண்ணீர் சட்டத்தின் வழியே வழிந்து வந்து கீழே ஓர் இடத்தில் சொட்டும். ஆகவே சொட்டுகிற இடத்துக்கு மேலே, முகட்டுப் பக்கமாகத் தேட வேண்டும். தெரியவில்லை என்றால் ஓர் ஆள் மேலே குடத்துத் தண்ணீரைக் கீழ் வரிசையிலிருந்து தொடங்கி மேல் வரிசைக்கு ஒவ்வொன்றாக ஊற்ற, இன்னொருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். எந்த வரிசையில் ஊற்றும்போது சொட்டுகிறதோ அங்கேதான் குறை.

கீற்றுக் கூரை

கீற்றுக் கூரையில் சரிவுதான் உயிர். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை படுக்கை அளவு 6 அடி என்றால், முகடு எழும்புவதும் ஏறக்குறைய 6 அடி இருப்பது நல்லது. சரிவு படுத்துவிட்டால் தண்ணீர் ஓடாமல் கீற்றிலேயே நின்று ஊறும். ஊறினால் மக்கும்.

பழைய கீற்றின் மேலேயே வருஷா வருஷம் புதுக்கீற்று போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. செலவு குறைவு என்று நினைப்பு. ஆனால் அடியில் இருக்கிற மக்கல் மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்த கூரையின் பாரம் முழுவதும் கைமரத்தின்மேல் இறங்கும். கையால் பிடித்தால் நொறுங்குகிற கீற்றைப் பிரித்துப் போட்டுவிடுங்கள். அது வீணல்ல, எருக்குழியில் போட்டால் அடுத்த வருஷம் எருவாகிவிடும்.

கூரையைப் பிரித்த கையோடு கைமரங்களைப் பாருங்கள். அரிவாள் முனையால் குத்தினால் பொதபொதவென்று உள்ளே இறங்கினால் கறையான் அரித்துவிட்டது என்று பொருள். அந்த மரத்தை மாற்றாமல் புதுக்கீற்று போடுவதில் பயனில்லை.

இப்போது பலர் கூரைமேல் தார்ப்பாயைப் போர்த்திக் கல்லைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். காற்று அடியில் புகுந்தால் தார்ப்பாய் கிழியும், கல் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழும். தார்ப்பாய் போடுவதானால் நன்றாகக் காய்ந்த அடிக்கீற்றின் மேல் விரித்து, அதன்மேல் புதுக்கீற்றை வேய்ந்து கட்டுங்கள்.

ஓடு, ஷீட்டு, தளம்

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுவதோடு, சருகையும் பாசியையும் பெருக்கி எடுங்கள். சருகு அடைத்த இடத்தில் தண்ணீர் தேங்கி ஓட்டின்மேல் ஏறி உள்ளே வரும். இரண்டு கூரைகள் சேருகிற மூலையில் போட்டிருக்கும் தகரத்தில் துரு ஏறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகுகிற வீடுகளில் பலவற்றுக்கு அந்த மூலைதான் காரணம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின்மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு, கீழே சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து நடக்க வேண்டும். ஓட்டை போடுவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுப் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மெத்தை வீட்டுக்காரர்கள் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். மாடியில் தண்ணீர் வெளியேறும் தூம்புகளைச் சுத்தம் செய்யுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசு, ஆல் கன்றுகளை வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்த்து, வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். வெடிப்புகளைச் சற்று அகலமாகக் கொத்தி, தூசி தட்டி, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையால் அடைத்து, ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர்தான் பெரிய கவலை

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். மண்சுவர் வீட்டில் கூரை ஒழுகினால் கூரையோடு போவதில்லை. சுவரின் தலையில் தண்ணீர் இறங்கினால் மண் ஊறிப் பிடிப்பை இழக்கும். சுவர் தன் பாரத்தையே தாங்காமல் சாயும். அடைமழைக் காலத்தில் இரவில் சுவர் இடிந்து விழுந்து, தூங்கிக் கொண்டிருந்தவர்கள் இறந்த செய்தியைப் படிக்காத வருஷம் உண்டா? அந்தச் சாவுக்கு வழி திறந்துவிடுவது பல வீடுகளில் ஒழுகுகிற கூரைதான்.

ஆகவே சுவரும் கூரையும் சேருகிற இடத்தை நன்றாக மூடுங்கள். இறவாரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடி இருக்கட்டும். அதற்கு மேல் நீட்டினால் புயல் காற்று அதைப் பிடித்துத் தூக்கிவிடும். இறவாரத் தண்ணீர் விழுகிற வரிசையில் சிறு வாய்க்கால் வெட்டிச் சுவருக்கு அப்பால் ஓட விடுங்கள். சுவர் அடியில் மண் அணைத்து வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். சுவரில் புது வெடிப்பு, வயிறு தள்ளிய வீக்கம், மேலிருந்து கீழ்வரை ஈரம் இவற்றில் எதைக் கண்டாலும் அன்று இரவு அந்தச் சுவர் ஓரம் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். முடிந்தால் அந்த வீட்டிலேயே படுக்காதீர்கள்.

புயலுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நாம் மறக்க முடியாது. காற்று கூரையை அழுத்துவதில்லை. இறவாரத்தின் அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. ஆகவே கூரையைக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். முகட்டு வளையையும் ஒவ்வொரு கைமரத்தையும் உத்திரத்தோடும், உத்திரத்தை மண்ணில் ஆழப் பதித்த காலோடும், கட்டுக்கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டுங்கள். இரண்டு பக்கச் சரிவை விட நாலு பக்கமும் சரிவுள்ள கூரை காற்றைத் தாங்கும். புதுவீடு கட்டுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

புயலின் கண் ஊர்மேல் வரும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். "விட்டுடுச்சு" என்று கூரை ஏறாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிக்கும். எச்சரிக்கை வந்தால் கூரை வீட்டில் தங்காமல் பாதுகாப்பு மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுங்கள். மாவட்ட அவசர எண் 1077.

விதைக்கும் மாட்டுக்கும்

விதையைப் பரணில் கூரைக்கு ஒட்டி வைக்காதீர்கள். உளுந்தை நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள தகர டின்னிலோ பிளாஸ்டிக் பீப்பாயிலோ போட்டு, தரைக்கு மேலே பலகையில் வையுங்கள். மாட்டுக் கொட்டகை ஒழுகினால் சாணமும் மூத்திரமும் சேறாகும். அதில் படுக்கும் கறவை மாட்டுக்கு மடிவீக்கம் வரும். வைக்கோல் போரின் தலையையும் கூம்பாக்கி மூடுங்கள்.

கடைசியாக ஒன்று. கூரையில் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். ஒழுகுகிற இடத்தில் ஒயர் போனால் உடனே மாற்றுங்கள்.

ஒருநாள் வேலை, இரண்டு நாள் கூலி, கொஞ்சம் கயிறு, கம்பி. இதைச் செய்துவிட்டால் அடைமழை இரவில் பாத்திரம் தேடி ஓடாமல் நிம்மதியாகத் தூங்கலாம். தையில் உளுந்து தெளிக்க விதையும் கையில் இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.