சீனாவுல டபுள் டிகிரி: காசு ரெண்டுக்கு, சர்டிபிகேட் ஒண்ணு!

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அல்லிநகரம், போடி, கம்பம் பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்கும் கேள்வி இது: "சார், சீனாவுல ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி வாங்கலாமாமே? ஒரு வருஷம் கூட ஆகும்னு ஏஜென்ட் சொல்றாரு. லோன் போடலாமா?" லோனுக்கு முன்னாடி, நாம என்ன வாங்கப்போறோம்னு பார்த்துடலாம்.

கையில் கிடைப்பது என்ன?

இளநிலைப் பட்டங்களுக்கு 2019 ஜூலையில் சீனா புது விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி:

1. மைனர் டிகிரிக்குத் தனிச் சான்றிதழ் கிடையாது. மெயின் பட்டச் சான்றிதழிலேயே குறிப்பிடுவாங்க.
2. பல்கலைக்கழகமே நடத்தும் இரட்டை இளநிலைப் பட்டப் படிப்பிலும் சான்றிதழ் ஒன்றுதான். ரெண்டு பட்டமும் அதுலேயே இருக்கும்.
3. மெயின் டிகிரி கிடைக்கலைன்னா மைனர் டிகிரியும் கிடையாது.

அதாவது, "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு கையில இருக்கும்" என்ற கணக்கு மைனருக்கு ஓடாது.

கூடுதல் ஒரு வருஷத்தின் விலை

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். வருஷச் செலவு 5 லட்சம். ஏற்கெனவே வாங்கின கடன் 15 லட்சம், வட்டி 11%. படிப்பு முடிஞ்சதும் மாதம் 25,000 சம்பளம் கிடைக்கும்னு வைங்க.

- கூடுதல் வருஷச் செலவு: 5,00,000
- பழைய கடனுக்கு அந்த வருஷ வட்டி: 1,65,000
- கைவிட்டுப்போன சம்பளம்: 3,00,000

மொத்தம் 9,65,000 ரூபாய். ஏஜென்ட் முதல் வரியை மட்டும்தான் சொல்வார்.

சீன அரசு ஸ்காலர்ஷிப்பில் இளநிலை மாணவருக்கு மாதம் 2,500 யுவான் உதவித்தொகை உண்டு. ஆனா அதன் காலம் முதல்லயே முடிவானது. கூடுதல் வருஷத்துக்கும் வரும்னு எழுத்துல வாங்காம நம்பாதீங்க.

வரி விஷயம்

கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டியை 8 வருஷம் வரை முழுசா கழிக்கலாம், ஆனா பழைய வரிமுறையில் மட்டும். அசலுக்குக் கழிவு இல்லை. வங்கிக் கடன்ல இருந்து ஃபீஸ் அனுப்பினா, 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் இல்லை. சொந்தப் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது வீணாப் போற காசு இல்லை, ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது கணக்குல வந்துடும்.

உள்ளூரிலேயே ஒரு வழி

2022 ஏப்ரலில் யுஜிசி, ஒரே நேரத்தில் ரெண்டு பட்டப்படிப்பு படிக்க அனுமதி கொடுத்தது. தேனியில ஒரு காலேஜ்ல பி.காம். படிச்சுக்கிட்டே ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டமும் படிக்கலாம். இங்க சான்றிதழ் ரெண்டும் தனித்தனி. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு நிக்கும்.

சீனாவே வேணாம்னு நான் சொல்லலை. சீன மொழியும் துறை அறிவும் சேர்ந்தா அதுக்கு மதிப்பு இருக்கு. ஆனா அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்துல வாங்குங்க: சான்றிதழ்ல என்ன எழுதியிருக்கும், மொத்தம் எத்தனை வருஷம், மைனர் பாடங்கள் எந்த மொழியில. பதில் வந்த பிறகு லோன் பற்றிப் பேசலாம்.