உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்ரேக்குத் தப்பும் தண்டுவடக் காயம்

ஓசூர் வட்டாரத்து ஜவளகிரிப் பக்கம் ஒரு சிறுவன் மரத்திலிருந்து விழுகிறான் என்று வையுங்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் எலும்பு முறிவே இல்லை. ஆனாலும் அவன் தண்டுவடம் அடிபட்டிருக்கலாம்!

பிள்ளைகளின் முதுகெலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் மிகவும் நெகிழ்வானவை. பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் சுமார் 5 செ.மீ. இழுபட்டாலும் தாங்கும், உள்ளே இருக்கும் தண்டுவடமோ 6 மி.மீ. அளவுக்குத்தான். எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிவிடும், தண்டுவடம் நைந்து கிடக்கும். 1982இல் பாங், வில்பெர்கர் என்னும் மருத்துவர்கள் இதைத் தனியாகப் பெயரிட்டு விவரித்தார்கள். இன்று எம்.ஆர்.ஐ.தான் இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. எட்டு வயதுக்குள் உடலின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம் என்பதால் மேல்கழுத்தில்தான் அடி அதிகம்.

கொடுமை என்னவென்றால், சிலருக்குக் கைகால் தளர்ச்சி நான்கு நாள் வரை தாமதித்தும் வரும். விழுந்த கணத்தில் கைகால் மரத்துப்போய், அல்லது ‘சுரீர்’ என்று இழுத்து, உடனே சரியாகிவிட்டதாகப் பிள்ளை சொன்னால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலும்தான்.

ஓசூருக்கோ பெங்களூருக்கோ அவசரமாகப் பைக்கில் தூக்கிப்போக வேண்டாம். தலை, கழுத்து அசையாமல் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.