உறவு முறிந்தால் கணக்கும் மாறும்

பிரிட்டனில் கணவன் அல்லது மனைவியின் பெயரில் விசா பெற்று வாழ்பவருக்கு மணமுறிவு இரட்டை அடி. குடும்பம் சிதறுகிறது, விசாவின் அடிப்படையும் போய்விடுகிறது. உள்துறை அமைச்சகம் விசாக் காலத்தைக் குறைத்தால், வேறு விசா கேட்கவோ மூட்டை கட்டவோ பொதுவாக 60 நாள்தான் அவகாசம்.

குழந்தை பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால் ஒரு வழி உண்டு: பெற்றோர் விசா. ஆனால் தவறான தொகையைக் கேட்டு மிரண்டு பின்வாங்குவது எளிது. துணைவர் விசாவுக்கான ஆண்டு வருமான வரம்பு 2012இல் 18,600 பவுண்டு. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. பெற்றோர் விசாவுக்கு இந்த வரம்பு பொருந்தாது.

அங்கே கணக்கு வேறு. வரியும் வீட்டுச் செலவும் போக வாராவாரம் மிஞ்சும் பணம், அதே அளவுள்ள பிரிட்டிஷ் குடும்பத்துக்கான 'இன்கம் சப்போர்ட்' உதவித்தொகை அளவுக்குக் குறையக் கூடாது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஆகியவையே சாட்சி.

பணத்தோடு முடிவதில்லை. குழந்தையை வளர்ப்பவராகவோ நேரில் சந்திக்கும் உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். வளர்ப்பில் தொடர்ந்து பங்கேற்பதையும் நிரூபிக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவும் பள்ளிக் கடிதமும் இங்கே கைகொடுக்கும். விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இவற்றைச் சேர்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.